தீக்குச்சியும் வால் டியூப்பும்

சைதாப்பேட்டை பஜார் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு என்மேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை. "வால் டியூப் அஞ்சு மீட்டரா? வீட்ல எத்தினி சைக்கிள்மா இருக்குது?" என்றார். ஒன்றுகூடக் கிடையாது. ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

நான் கணக்கு டீச்சர். முக்கோணம் உறுதியான வடிவம் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுவேன், பிள்ளைகளும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பி.எட். பரீட்சையில் 'செய்து கற்றல்' பற்றி நாலு பக்கம் எழுதியவள்தான் நானும். எழுதியதோடு சரி.

அப்புறம்தான் அரவிந்த் குப்தாவைப் பற்றிப் படித்தேன். கான்பூர் ஐஐடியில் படித்து, புனேயில் டெல்கோ லாரி கம்பெனியில் வேலையில் இருந்த மனிதர். 1978இல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பக்கம் போய்விட்டார். அங்கே 1972 முதலே கிராமத்துப் பள்ளிகளில் சோதனை செய்து பார்த்தே அறிவியல் படிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. தீக்குச்சியையும், சைக்கிள் வால்வில் மாட்டும் ரப்பர் வால் டியூப்பையும் அவர் ஜோடி சேர்த்தது அந்தக் காலத்தில்தான். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் பாரத ரத்னாவே கொடுக்கலாம்!

சங்கதி இவ்வளவுதான். ரெண்டு சென்டிமீட்டருக்கு டியூப்பை நறுக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி. அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்காரும். எந்தக் கோணத்துக்கும் வளையும். பிடிக்கவில்லையென்றால் உருவிவிட்டு வேறு செய்யலாம். மரக்குச்சிதான் வேண்டும். முதல் தடவை நான் மெழுகுக் குச்சி வாங்கி வந்து, எல்லாம் வளைந்துபோய் அசடு வழிந்தேன். தலையிலிருக்கும் மருந்தையும் முன்கூட்டியே வீட்டில் சுரண்டிவிட வேண்டும். வகுப்பில் வைத்துச் சுரண்டவே கூடாது.

மரக்குச்சி கிடைத்ததும் வகுப்பில் ஆளுக்கு ஏழு குச்சி கொடுத்தேன். மூன்றில் ஒரு முக்கோணம், நாலில் ஒரு சதுரம். போர்டில் ஒன்றுமே எழுதவில்லை. "செஞ்சிட்டு மெதுவா அமுக்கிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"மிஸ், இது நொண்டுது மிஸ்!"

சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிட்டது. முக்கோணத்தை எப்படி அமுக்கினாலும் அசையவில்லை. "முக்கோணம் கெத்து மிஸ்" என்று கடைசி பெஞ்சிலிருந்து தீர்ப்பு வந்தது. பாடப்புத்தகத்தில் இதைவிட நல்ல வரையறை இருக்கிறதா என்ன?

நான் கனவிலும் நினைக்காதது அதற்கப்புறம் நடந்தது. ஒரு பெண், மூலை டியூப்பில் ஊசியால் ஓட்டை போட்டு, சதுரத்துக்கு நடுவே இன்னொரு குச்சியைக் குறுக்காகச் செருகப் பார்த்தாள். "குச்சி பத்தல மிஸ்." வேறொரு குச்சி எடுத்தாள். அதுவும் பத்தவில்லை. எல்லாக் குச்சியும் ஒரே நீளம்தானே! பக்கத்திலிருந்தவன் சதுரத்தைப் பிடித்துச் சாய்த்தான். இப்போது குச்சி சரியாகப் பொருந்திவிட்டது. குனிந்து பார்த்தால் ரெண்டு சமபக்க முக்கோணம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "அப்போ நேரா நிக்கிற சதுரத்துக்கு எம்மா நீளக் குச்சி வேணும்?" என்று அவள் கேட்டாள். ரெண்டின் வர்க்கமூலம்! ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலு... கிரேக்கர்கள் முட்டி மோதிய அதே இடத்தில், ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நிஜமாகவே. பதில் சொல்லாமல் ஸ்கேலை நீட்டினேன். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் முழுக்க முக்கோண வேட்டை. சைக்கிள் பிரேம், கரண்ட் டவர், அண்ணா சாலையில் நிற்கும் கிரேன், ஸ்டேஷன் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கும் இரும்பு என்று நோட்டில் வரைந்து வந்துவிட்டார்கள்.

இப்படிச் செய்து கற்பதொன்றும் நம்ம ஊருக்குப் புதுசில்லை. மரியா மாண்டிசோரி 1939லேயே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், அட்டைகள், ஏணிப் படிகள், கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. அந்தக் கரும்பலகை ஒன்றுக்கே கோயில் கட்டலாம். கடைசியாக, அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க வானவில் மன்றமும் 2022இல் வந்துவிட்டது. சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜைத் தினமும் பஸ்ஸில் தாண்டித்தான் போகிறேன். சர்வபள்ளி ராதாகிருஷ்ணனே படித்த இடம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேனே!

குறையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் காதைப் பிளக்கும். போர்ஷன் ஒரு வாரம் பின்தங்கும். பெருக்கும் அம்மாவிடம் திட்டு வாங்கியே ஆக வேண்டும்.

அடுத்தது இருபது முகத்தான். ஒன்றுக்கு 30 குச்சி. பெட்டி ரெண்டு ரூபாய்தான், காசு பிரச்சினையில்லை, சுரண்டுவதுதான் பெரிய வேலை. ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே மாமியாரும் சுரண்டித் தருகிறார். "படிச்சவ பண்ற வேலையா இது" என்ற முணுமுணுப்பு தனி. நேற்று விளம்பர இடைவேளையில் திரும்பிப் பார்த்தால், மேஜையில் கிடந்த முக்கோணத்தைக் கையில் எடுத்து, நான் பார்க்கவில்லை என்ற நினைப்பில், மூன்று மூலையையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருக்கிறார்.