யாருக்கு எந்த வேஷம்?

நாடக விமர்சனம் என்று நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் மேடையில் விளக்கு எரிந்த பிறகுதான் தொடங்குகிறது. விளக்கு அணைந்ததும் முடிந்துவிடுகிறது. பிரதி எப்படி, நெறியாள்கை எப்படி, ஒளியமைப்பு எப்படி என்று பத்தி பத்தியாக எழுதுகிறோம். ஆனால் அந்த மேடையில் யார் பேசினார்கள், யார் பேசாமல் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது இரண்டு மாசத்துக்கு முன்பே, ஒரு சாயங்காலத்தில், மூன்று நாற்காலி போட்ட அறைக்குள் முடிவாகிவிட்ட விஷயம். பாத்திரத் தேர்வு, ஆடிஷன் என்று அதற்குப் பெயர். அந்தச் சாயங்காலத்தை யாரும் விமர்சனம் பண்ணுவதில்லை. என்னைக் கேட்டால் ஒரு பல்கலைக்கழக நாடகத்தின் அரசியல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மேடையில் நாம் பார்ப்பது அதன் சுத்தப் பிரதி மட்டுமே.

என்ன நடக்கிறது அந்த அறையில்? பேர் கேட்பார்கள். அடுத்து ஊர் கேட்பார்கள். ஊர் பேரைச் சொன்னதும் ‘அங்க எந்தப் பக்கம்?’ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். முதல் இரண்டு கேள்விக்கும் பதிவேட்டில் இடம் உண்டு. மூன்றாவது கேள்விக்குப் பதிவேட்டில் இடமில்லை, ஆனால் கேட்பவர் மனசில் இடமுண்டு. நடிப்புக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

அப்புறம் ஒரு பக்கம் செந்தமிழ் வசனத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். ழகரம் நாக்கில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கப்புறம் ‘இம்ப்ரொவைசேஷன்’. இங்கேதான் கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சூழலைக் கொடுப்பதில்லை. ஒருத்தனிடம் ‘நீ ராஜா, ராஜ்யம் கைவிட்டுப் போச்சு, என்ன பண்ணுவே?’ என்பார்கள். அடுத்து வருகிறவனிடம் ‘நீ பொணம் தூக்குறவன், கூலி பத்தல, என்ன பண்ணுவே?’ என்பார்கள். இரண்டு பேரும் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். ராஜாவைச் செய்தவனுக்கு ராஜா வேஷம், பிணம் தூக்கியவனுக்குப் பிணம் தூக்கும் வேஷம். ‘அவங்கவங்களுக்கு வர்றதத்தானே குடுத்திருக்கோம்’ என்று சொல்லிவிடலாம். கேள்வியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு விடை பிரிந்து வந்தது என்று சொல்வது என்ன நியாயம்?

இது இன்றைக்கு வந்த வழக்கமல்ல. பல்கலைக்கழக நாடகத் துறைகளில் பாடமாக வைக்கப்படும் நாட்டிய சாஸ்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பனை பற்றிப் பேசுகிற ஆகார்ய அபிநயப் பகுதியில் எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் பூசவேண்டும் என்று வரிசை போட்டுச் சொல்கிறது. பிராமணருக்கும் க்ஷத்திரியருக்கும் சிவந்த நிறம். வைசியருக்கும் சூத்திரருக்கும் கருத்த நிறம். கிராதர், புளிந்தர், ஆந்திரர், திரமிடர் என்று வருகிற பட்டியலுக்கும் கறுப்பு. சமஸ்கிருத நாடகங்களில் மொழியும் அப்படித்தான் பங்கு பிரிக்கப்பட்டது. ராஜாவும் உயர்ந்த ஆண்களும் சமஸ்கிருதம் பேசலாம். பெண்களும் ஏவலாட்களும் பிராகிருதம் பேசவேண்டும். அன்றைக்குச் சாயம் பூசிச் செய்ததை இன்றைக்குச் சாயம் பூசாமல் செய்கிறார்கள். தோல் ஏற்கனவே அந்த நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ‘முகவெட்டு’, ‘பிரசன்ஸ்’, ‘உச்சரிப்புச் சுத்தம்’ என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் படித்த துறையில் ஒரு வருஷம் சூத்திரகரின் மிருச்சகடிகத்தை எடுத்தார்கள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்த நாடகம். அதில் சர்விலகன் என்று ஒரு பாத்திரம். பிறப்பில் பிராமணன், தொழிலில் திருடன். கன்னம் வைப்பதைக் கலையாக நினைப்பவன். சுவரில் எவ்வளவு அகலத்துக்குத் துளை போடுவது என்று அளக்க நூல் மறந்துபோக, மார்பில் கிடக்கிற பூணூலையே அளவுக் கயிறாக எடுத்துக்கொள்வான். அந்த ஒரு காரியத்தில் பூணூலின் புனிதம் முழுக்கக் கலைந்துபோகிறது. அந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த வேஷம் அது. அதைத்தான் கேட்டேன். வசனத்தைப் பாராமல் சொன்னேன். நாற்காலிகளில் ஒன்றிலிருந்து சிரித்துக்கொண்டே பதில் வந்தது: ‘குரல் நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா அந்தப் பூணூல் ஒன் ஒடம்புல ஒட்டாது.’ சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் என் பெயருக்கு நேரே ‘சண்டாளன் 1’ என்று இருந்தது. சண்டாளன் 2 யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

துறையின் பேரை இங்கே எழுதவில்லை. ஒரு துறையின் குணமாக இருந்தால் எழுதியிருப்பேன். பல ஊர்களில் படித்தவர்களிடம் பேசிப் பார்த்துவிட்டேன், எல்லாரிடமும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். பூணூலைக் கேலி பண்ணுகிற பாத்திரத்தைக்கூடப் பூணூலுக்கு ‘ஒட்டுகிற’ உடம்புதான் செய்யவேண்டும் என்றால் அங்கே நடிப்புக்கு என்ன வேலை? தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதானே நடிப்பு. திருடாதவன் திருடனாக நடிக்கலாம், சாகாதவன் செத்தவனாக நடிக்கலாம். சேரிக்காரன் மட்டும் வேறொருத்தனாக நடிக்கக் கூடாது. அவன் அவனாகவே இருக்கவேண்டும். மற்றவனுக்கு நடிப்பு, நமக்கு ‘இயல்பு’. ‘நீ நடிக்கவே வேணாம், சும்மா நின்னாலே போதும்’ என்று பாராட்டுவார்கள். நம்மைக் கலைஞன் இல்லை என்று சொல்வதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது.

சண்டாளன் வேஷத்தை நான் செய்தேன். செய்ததனால் பிரதியை ஊன்றிப் படிக்க நேர்ந்தது. பத்தாம் அங்கத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போகிற அந்த இரண்டு பேரையும் கறுத்த, முரட்டு, மூளையில்லாத ஆட்களாகத்தான் எங்கள் நெறியாளர் யோசித்து வைத்திருந்தார். பிரதி அப்படிச் சொல்லவில்லை. இன்றைக்கு வெட்டுகிற முறை யாருடையது என்று அவர்கள் வாதாடிக்கொண்டு நேரத்தைக் கடத்துகிறார்கள். ஒருவன் தன் தகப்பன் சாகும்போது சொல்லிவிட்டுப் போன புத்தியைச் சொல்கிறான்: வெட்டுகிற முறை உனக்கு வந்தால் அவசரப்படாதே. யாராவது நல்ல மனுஷன் பணம் கொடுத்து மீட்கலாம், ராஜாவுக்குப் பிள்ளை பிறந்து கைதிகளை விடலாம், யானை கட்டறுத்துக்கொண்டு ஓட, அந்தக் கலவரத்தில் குற்றவாளி தப்பலாம், ராஜாவே மாறிப்போகலாம். அந்த நாடகத்தில் கடைசியில் ராஜா மாறத்தான் செய்கிறான். நாட்டு அரசியல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சரியாகக் கணித்துவைத்திருந்தவன் ஒரு சண்டாளனின் அப்பன். இதை முரட்டுத்தனமாகக் கத்திச் சொல்லமுடியுமா? நிதானமாக, கொஞ்சம் நக்கலாகச் சொல்லவேண்டிய இடம். ஒத்திகையில் அப்படித்தான் சொன்னேன். ‘இவ்ளோ அறிவா பேசாதே, கேரக்டர் போயிரும்’ என்றார்கள். ஆக, பாத்திரத் தேர்வில் ஆளைத் தப்பாகப் படித்ததோடு நிற்கவில்லை. பாத்திரத்தையும் தப்பாகப் படித்தார்கள். சாதிப் பார்வை எங்களுக்கு மட்டும் அநியாயம் பண்ணவில்லை, சூத்திரகருக்கும் பண்ணியது. கலை மட்டுமே முக்கியம் என்று பேசுகிறவர்கள் இதற்காவது பதில் சொல்லவேண்டும்.

நாடகத்தின் முடிவும் கவனிக்கத் தக்கது. எல்லாருக்கும் நன்மை நடக்கிறது. அடிமையாக இருந்தவனுக்கு விடுதலை. பிக்ஷுவுக்கு எல்லா விகாரைகளுக்கும் தலைமை. சண்டாளர்களுக்கு? எல்லாச் சண்டாளர்களுக்கும் அவர்கள் தலைவர்களாம்! பல்கலைக்கழகமும் கிட்டத்தட்ட இதே பரிசைத்தான் நமக்குத் தருகிறது. நன்றாக நடித்தால் அடுத்த வருஷம் கோரஸுக்கு லீடர்.

எங்கள் ஊர்ச் சேரியில் என் பெரியப்பா பதினெட்டு வருஷம் துரியோதனன் கட்டியவர். குட்டை ஆள், பகலில் கரும்பு வெட்டுகிற கூலி. ராத்திரி கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிவிட்டால் அஸ்தினாபுரமே அவருடையதுதான். ‘ஒனக்கு ராஜ களை இருக்கா?’ என்று அவரை யாரும் கேட்டதில்லை. விடியவிடியக் குரல் தாங்குமா, அடவு நிற்குமா, பாட்டு தெரியுமா – கூத்தில் வேஷம் கொடுக்கக் கேட்கிற கேள்விகள் இவைதான். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கமுடியாத காலத்தில் சேரிக்குள் ராஜாவாக இருந்த பரம்பரை எங்களுடையது. படித்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் சேவகனானோம். இதை முன்னேற்றம் என்று நம்பவேண்டுமாம்.

‘ஏன், பறையெல்லாம் கற்றுத் தருகிறோமே’ என்பார்கள். உண்மைதான், இப்போது பறை இல்லாத நாடகத் துறையைக் காண்பது அரிது. சாவுக்கு அடித்தால் இழிவு, செமஸ்டருக்கு அடித்தால் மதிப்பெண். பட்டறைக்கு வந்து கற்றுக்கொடுக்கிற பெரியவருக்கு நாள் கூலியும் பொன்னாடையும், கற்றுக்கொண்டவர்களுக்குப் பட்டம். கருவி உள்ளே வந்துவிட்டது, கருவியை வைத்திருந்தவன் வாசலில் நிற்கிறான். இந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவர் கே.ஏ. குணசேகரன். பாடகராக, ஆய்வாளராக, ‘பலி ஆடுகள்’ எழுதிய நாடககாரராக வந்தவர், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கே தலைமை ஏற்றார். 2016இல் காலமானார். ‘வடு’ படித்தவர்களுக்கு அந்த இடத்துக்கு அவர் எத்தனை ஊர்களைக் கடந்து வந்தார் என்பது தெரியும். ஒருவர் போனார் என்பதனால் கதவு திறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இதே மிருச்சகடிகத்தை 1958இல் தில்லியில் ‘மிட்டி கி காடி’ என்று மேடையேற்றினார் ஹபீப் தன்வீர். சத்தீஸ்கர் கிராமத்துக் கலைஞர்கள் ஆறு பேரை அதில் சேர்த்திருந்தார். ஊர் மேடையில் பிய்த்து உதறுகிற நடிகர்கள் நகரத்து ஒத்திகையில் ஏன் இறுகிப் போகிறார்கள் என்ற கேள்வி அவரை வருஷக்கணக்கில் துரத்தியது. 1970களில் பதில் கிடைத்தது. அவர்களுக்குச் சொந்தமில்லாத இந்தியில் பேச வைத்ததும், இங்கே நில், அங்கே நட என்று கோடு போட்டுக் கொடுத்ததும்தான் காரணம். சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டார். 1975இல் ‘சரண்தாஸ் சோர்’ வந்தது. 1982இல் எடின்பரோ விழாவில் பரிசு வாங்கியது. நடிகனிடம் இருந்த குறை என்று நினைத்தது தேர்வு செய்தவரின் அளவுகோலில் இருந்த குறை. நம் துறைகளில் ழகரத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதைப் பாடமாக நடத்துகிறார்கள், பின்பற்றுவதில்லை.

‘அப்ப சாதியே பாக்காம வேஷம் குடுத்தா சரியாப் போச்சா?’ என்று தோழர்கள் கேட்கலாம். அது அவ்வளவு லேசல்ல. 1996 ஜூனில் பிரின்ஸ்டனில் பேசிய கறுப்பின நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன், நிறம் பாராத பாத்திரத் தேர்வு என்ற ஏற்பாட்டையே மறுத்தார். வெள்ளையர் நாடகத்தில் இடம் கேட்பதல்ல காரியம், கறுப்பர்களின் வாழ்வைச் சொல்லும் கறுப்பர் அரங்குகள் வேண்டும் என்றார். அதில் பெரிய நியாயம் இருக்கிறது. தலித் அரங்கு நமக்கு வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் பொதுப்பணத்தில் நடப்பது. அங்கே நடிப்பு என்பது தேர்வுத்தாள் மாதிரி. கொடுத்த வேஷத்துக்குத்தான் மதிப்பெண், அதை வைத்துத்தான் பட்டம், வேலை, அடுத்த வாய்ப்பு. மூன்று வரி வசனம் உள்ளவனையும் முப்பது பக்கம் உள்ளவனையும் ஒரே தாளில் திருத்துகிறார்கள். ஆகவே நமக்கு இரண்டு கால்களும் வேண்டும். நம் நாடகத்தை நாம் போடவேண்டும். அவர்கள் நாடகத்திலும் எந்த வேஷத்துக்கும் உரிமை வேண்டும். நந்தனாக நடிக்க மட்டும் கூப்பிடாதீர்கள். நந்தனைச் சிதம்பரத்து வாசலில் நிறுத்தியவனாகவும் நடிக்கக் கூப்பிடுங்கள். அவனை நாங்கள் நடித்தால்தான் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். அவனை எதிரே நின்று பார்த்தவர்கள் நாங்கள்.

மாணவத் தோழர்கள் துறைகளில் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் எளியவை. வாசிக்கவேண்டிய பகுதியை ஒரு வாரம் முன்பே எல்லாருக்கும் கொடுக்கட்டும். எல்லாருக்கும் ஒரே சூழலைக் கொடுத்து நடிக்கச் சொல்லட்டும். அவரவர் பேச்சுத் தமிழில் ஒருமுறை, எழுத்துத் தமிழில் ஒருமுறை என்று கேட்கட்டும். ஒத்திகை முடிவதற்குள் விடுதி மெஸ் மூடிவிடுகிறது. கடைசி பஸ் போய்விடுகிறது. ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போகிறவன் ஒத்திகைக்கு ‘ஒழுங்கா வர்றதில்ல’ என்று பெயர் வாங்குகிறான். நேரத்தைத் தீர்மானிக்கும்போது இவர்களையும் கேட்கட்டும். படிப்பு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவனுக்கும் மாணவிக்கும் ஒரு முழு வேஷமாவது கட்டாயம் என்று விதி எழுதட்டும். ஒருவருக்கு ஒரு வேஷம் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் காகிதத்தில் எழுதி ஒட்டட்டும். ‘பூணூல் ஒட்டாது’ என்று வாயால் சொல்வது சுலபம். கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டமுடியுமா?

ஒட்டமுடியாது என்றால் அது காரணமே இல்லை.