ஜேஎன்ஐ டிப்ஸ்: விஷயம் சரி, வரிசை தப்பு

ஆண்ட்ராய்டில் ஜாவாவிலிருந்து சி நூலகத்தை அழைக்கிறவர்கள் ஒருநாள் கூகுளின் 'ஜேஎன்ஐ டிப்ஸ்' பக்கத்துக்கு வந்து சேர்வார்கள். பில் போடும் கையடக்கக் கருவியின் பிரிண்டர், கைரேகை சென்சார் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் பேசும்.

பக்கத்தில் இருப்பது சரிதான். லோக்கல் ரெஃபரன்ஸை ஸ்டாட்டிக் மாறியில் வைக்காதே என்கிறது. சி ஃபங்ஷன் ஜாவாவுக்குத் திரும்பியதும் அது செல்லாது. ஆனா வைத்தவுடனே எதுவும் உடையாது, அங்கேதான் வம்பே.

எங்க பெரணமல்லூர், ஆரணி பக்கம் பட்டு நெய்கிறவர்களுக்கு இது சட்டெனப் புரியும். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால், டிசைன் சுற்றி வரும்போதெல்லாம் அதே இடத்தில் பிழை விழும். அட்டையை எண்ணிப் பிடித்துவிடலாம். செல்லாத ரெஃபரன்ஸில் அந்த ஒழுங்கு கிடையாது. பழைய இடத்தில் வேறொரு ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்திருக்கும். சி நிரல் அதையே நம்பி வேலை செய்யும். கடைசியில் சம்பந்தமில்லாத வரியில் ஆப் விழும். டூம்ஸ்டோன் கோப்பு விழுந்த இடத்தை மட்டும்தான் காட்டும்.

இதற்கு மருந்து செக்ஜேஎன்ஐ. செல்லாத ரெஃபரன்ஸோடு ஜேஎன்ஐ அழைப்பு வந்தால் அங்கேயே நிறுத்திவிடும். எமுலேட்டரிலும் டீபக் பில்டிலும் தானாக இயங்கும். கடையில் ஓடுவதோ ரிலீஸ் பில்டு. அங்கே அணைந்தே கிடக்கும். ஏடிபி ஷெல்லில் செட்ப்ராப் மூலம் டீபக்.செக்ஜேஎன்ஐ என்பதை 1 ஆக்கிவிட்டு ஆப்பைத் திரும்பத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் போய் எக்ஸெப்ஷன் பகுதிக்கும் கீழே தள்ளியிருக்கிறார்கள். ஆப் விழுந்த பதற்றத்தில் வருகிறவர் அதுவரை பொறுமையாக ஸ்க்ரோல் செய்வாரா? முதல் பத்தியிலேயே வைத்திருக்கணும்.