பசுபிக் அலையும் பயண இலக்கியமும்: ஒரு மதிப்பீடு

பீஜித் தீவு தமிழ் வாசகருக்குப் புதிய பெயரன்று. அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்களை எண்ணிப் பாரதி பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டின் வாயிலாக நம்மவர் பலர் அந்நாட்டை அறிந்துள்ளனர். 1879இல் இந்தியாவிலிருந்து முதற் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை அங்கு கொண்டு சேர்த்தது. 1903 தொடக்கம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அவர்களுக்குக் கடல் என்பது ஊரையும் உறவையும் தம்மிடமிருந்து பிரித்த பெருவெளி. அதே பீஜியின் மேற்குக் கரைக்கு அப்பால், அக்கரும்பு நிலங்களிலிருந்து அதிக தொலைவில்லாத கடலில், தவருவா என்னும் சிறு தீவொன்று முருகைக்கற்பார் சூழ அமைந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்தீவை முன்னிட்டு முற்றிலும் வேறுபட்டதோர் எழுத்துப் பிறந்தது. அதில் கடல் இன்பத்தின் உறைவிடம். ஆளரவமற்ற அலையே அவ்வின்பத்தின் உச்சம்.

பலகை மீது நின்று அலையேறி வரும் கலை பற்றிய எழுத்தும் திரைப்படமும் இன்று மேனாட்டில் தனியொரு துறையாக வளர்ந்துள்ளன. அவற்றுள் மூன்று படைப்புகள் ஈண்டு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அமெரிக்க நாவலாசிரியர் ஜக் லண்டன் 1907இல் எழுதிய ‘அரச விளையாட்டு’ என்னும் கட்டுரை, புறூஸ் பிறவுண் இயக்கி 1966இல் பரவலாகத் திரையிடப்பட்ட ‘முடிவிலாக் கோடை’ என்னும் விவரணப் படம், வில்லியம் பினகன் 2015இல் வெளியிட்டு மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற தன்வரலாற்று நூலான ‘காட்டுமிராண்டி நாட்கள்’ என்பனவே அவை. தொலைதூரத் தீவின் அலையைப் போற்றும் எழுத்து, அத்தீவின் மனிதருக்கு எவ்விடத்தை வழங்குகிறது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

அலையேறல் பசுபிக் தீவு மக்களின் தொன்மையான கலை. கப்டன் குக்கின் கப்பல்களில் சென்றோரே அதனை ஐரோப்பிய மொழியில் முதலில் விரிவாகப் பதிந்தோருட் சிலராவர். 1777இல் தாகித்தியில் ஒருவன் சிறு தோணியில் அலையேறி மகிழ்ந்ததை மருத்துவர் வில்லியம் அண்டர்சன் வியந்து எழுதினார். 1779இல் ஹவாயில் மக்கள் பலகை கொண்டு அலையேறியதை லெப்ரினன்ற் ஜேம்ஸ் கிங் விவரித்தார். ஆயின் ஹவாய் மக்களுக்கு இது வெறும் வேடிக்கையன்று. அவர்கள் இதனை ‘ஹெஎ நலு’ என்றனர். அலை எழும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. பலகை செதுக்கச் சடங்கு இருந்தது. தலைவர்களின் அலையேற்றத்தைப் போற்றும் பாட்டுகளும் இருந்தன. அதாவது, மேனாட்டார் எழுதத் தொடங்குமுன்னரே அக்கடலுக்கு ஓர் இலக்கியம் இருந்தது. பின்னர் வந்த நோய்களால் அம்மக்கள் அழிந்தனர். குக் வந்தபோது இலட்சக்கணக்கில் இருந்தோர் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 40,000 பேராகக் குறைந்தனர். 1893இல் அரசி லிலியுஓகலானி பதவி இறக்கப்பட்டார். 1898இல் ஐக்கிய அமெரிக்கா தீவுகளைத் தன்னுடன் இணைத்துக் கொண்டது.

இப்பின்னணியில் ஜக் லண்டனின் கட்டுரையை வைத்து நோக்குதல் வேண்டும். தமது பாய்க்கப்பலில் 1907இல் ஹொனலூலுவை அடைந்த அவர் வைகிகிக் கரையில் அலையேறலைக் கண்டார், தாமும் முயன்றார். அலை என்பது நீர் முன்னோக்கி ஓடுவதன்று, நீரினூடே இயக்கம் பரவுவதே என்பதைப் பாமரரும் விளங்கும் வண்ணம் அவர் எடுத்துரைக்கும் பகுதி அறிவியல் விளக்க உரைநடைக்கு நல்ல சான்று. வீழ்ந்தும் எழுந்தும், ஈற்றில் வெயிலிற் கருகிப் படுக்கையில் கிடந்தும் தாம் பட்ட பாட்டை அவர் மறைக்கவில்லை. எனினும், கட்டுரையின் தொடக்கத்தில் அலையின் மீது தோன்றும் ஹவாய் மனிதனை அவர் கிரேக்க, உரோமத் தெய்வமொன்றன் சாயலிலேயே காண்கிறார். அம்மனிதனுக்குப் பெயரில்லை, பேச்சில்லை, வீடுமில்லை. லண்டனுக்குக் கற்பித்த அலெக்சாண்டர் போர்ட், லண்டனை வியக்கவைத்த ஜோர்ஜ் பிறீத் ஆகியோருக்கோ பெயர் உண்டு. அரசியிடமிருந்து முடி பறிக்கப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின், அவர் உயிரோடிருக்கையிலேயே, அவரது மக்களின் கலையை ‘அரச விளையாட்டு’ என அழைக்கும் தலைப்பில் உள்ள முரணை ஆசிரியர் உணர்ந்ததாகக் கட்டுரையில் அறிகுறியில்லை. மனிதனைத் தெய்வமாக்குவதும் அவனை வரலாற்றிலிருந்து அகற்றும் ஒரு வழியே.

புறூஸ் பிறவுணின் படம் இரு கலிபோர்ணிய இளைஞரைப் பின்தொடர்ந்து ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தாகித்தி, ஹவாய் எனக் கோடையைத் துரத்திச் செல்கிறது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இப்படத்தின் ஒளிப்பதிவும், மாலைக் கதிரவன் முன் நிழலுருவாய் நிற்கும் மனிதர் என்னும் படிமமும் ஒரு தலைமுறையின் கனவை வடிவமைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. தென்னாபிரிக்காவின் சென் பிரான்சிஸ் முனையில் மணற்குன்றுகளைக் கடந்து, ஆளில்லாக் கரையில் குற்றமற்ற அலையொன்றைக் கண்டடையும் காட்சியே படத்தின் மையம். பிற்காலத்துப் பயணிகள் எண்ணற்றோர் நாடிச் சென்றது அக்காட்சியையே.

ஆயின் படம் எடுக்கப்பட்ட காலம் யாது? சார்ப்வில்லில் ஊர்வலம் சென்ற மக்கள் சுடப்பட்ட 1960ஆம் ஆண்டுக்கும், மண்டேலாவுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்ட 1964ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம். அந்நாட்டின் கடற்கரைகளே நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தன. படத்தில் இனவொதுக்கல் போகிற போக்கிற் சொல்லப்படும் பகடிக்கு மேல் எதுவுமாகவில்லை. கரை ஏன் ஆளில்லாதிருந்தது என்னும் வினா எழவேயில்லை. கானாவில் மக்களுக்கு அலையேறலை அறிமுகப்படுத்துவோராக இளைஞர் காட்டப்படுகின்றனர். மேற்காபிரிக்கக் கரைச் சிறுவர் சிறு பலகைகளில் அலையேறியதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஐரோப்பியப் பயணிகள் பதிந்திருந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்விரண்டினின்றும் வேறுபட்டு நிற்பது பினகனின் நூல். 1978இல் பினகனும் அவர்தம் நண்பரும் பசுபிக் தீவுகளூடாக அலைதேடிச் சென்றனர். சமோவா, தொங்கா ஆகியவற்றைக் கடந்து பீஜியை அடைந்து, குடியிருப்பற்ற தவருவாவில் மீனவர் துணையுடன் இறங்கித் தங்கினர். கரையேறும் கடற்பாம்புகளுக்கு அஞ்சியும், குடிநீரைச் சிக்கனமாகக் கையாண்டும் அவர்கள் கழித்த நாட்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்களைத் தந்துள்ளன.

அவ்வெழுத்தின் வலிமை அதன் துல்லியத்தில் உள்ளது. முருகைக்கற்பாரில் எழும் அலை மணற்கரை அலையைப் போன்றதன்று. தொலைவிலுள்ள தென் சமுத்திரப் புயல்கள் எழுப்பும் அலை ஆயிரக்கணக்கான மைல் தடையின்றி வந்து, ஆழ்கடலிலிருந்து சடுதியாக உயரும் பாரின் மீது ஏறுகிறது. அடி நீர் தடைப்பட, முடி முன்னே பாய்ந்து குடைந்து கவிகிறது. பார் கரைக்குச் சாய்வாக அமைந்திருப்பின், அலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒழுங்காக முறிந்துகொண்டே செல்லும். அம்முறிவுக்கு ஒரு கணம் முன்னே ஓடுவதே அலையேறுவோன் கலை. கீழே ஆழம் சில அடிகளே. விழுந்தால் முருகைக்கல் தசையைக் கிழிக்கும். இச்செய்திகளைப் பினகன் புகழ்மொழிகளால் நிரப்பாது, நீரின் நிறம், காற்றின் திசை, வற்றுப்பெருக்கின் நேரம் ஆகியவற்றின் கணக்காகவே தருகிறார். உழவன் மண்ணைப் படிப்பது போல நீரைப் படிக்கும் எழுத்து இது. மெய்ம்மை கலந்த அச்சம் அதிலிருந்தே பிறக்கிறது.

இங்கு இன்னொன்றும் கருதற்பாலது. மணல் நகரும், பார் நகராது. ஆகவே பாரின் அலை ஓர் இடமாகிறது. இடமாயின் அதனைக் கண்டுபிடிக்கலாம், மறைக்கலாம், விற்கவும் செய்யலாம். பினகனும் நண்பரும் அத்தீவின் பெயரை எவரிடமும் சொல்வதில்லை என உறுதி பூண்டனர். 1984இல் அமெரிக்கர் சிலர் அங்கு உல்லாச விடுதி அமைத்தனர்; அலையேறுவோருக்கான சஞ்சிகையொன்று அதனை விளம்பரப்படுத்தியது. விருந்தினர் அல்லாதோர் அந்த அலைகளில் ஏறலாகாது என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 2010இல் பீஜி அரசு கட்டளைச் சட்டமொன்றினால் அத்தனியுரிமையை நீக்கி அலைகளை யாவர்க்கும் திறந்துவிட்டது. தமது இரகசியம் விலைப்பொருளானதைக் கண்ட பினகனின் கசப்பு நூலில் வெளிப்படையானது. அதே விடுதிக்குப் பிற்காலத்தில் தாமே பணம் கொடுத்துச் சென்றதையும் அவர் ஒளிக்கவில்லை. தன்னை விசாரணைக்கு உட்படுத்தும் இந்நேர்மை ஏனைய இருவரிடமும் காணப்படாத பண்பு.

மேலும், தென்னாபிரிக்காவுக்கு அவரும் சென்றார். ஆயின் 1980இல் கேப் ரவுணில் நிறத்தால் ஒதுக்கப்பட்ட மாணவரின் பாடசாலையொன்றில் அவர் ஆசிரியரானார். மாணவர் வகுப்புப் பகிஷ்கரிப்பை உடனிருந்து கண்டார். அவ்வனுபவம் 1986இல் தனி நூலாகவே வெளிவந்தது. பிறவுணின் படக்கருவி கண்ட அதே நாட்டை இவர் கண்ட விதம், பயணி என்பவன் கண்மூடியாக இருந்தேயாக வேண்டும் என்ற விதியில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆயினும் நூலிற் குறையில்லாமலில்லை. தமிழ்ப் பொருளிலக்கணம் இதனை விளங்கிக்கொள்ள உதவும். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருள், அந்நிலத்து மக்களும் தொழிலும் உணவும் பறையும் தெய்வமும் ஆகிய கருப்பொருள், ஒழுக்கமாகிய உரிப்பொருள் என மூன்றாகத் தொல்காப்பிய மரபு பாடற்பொருளைப் பகுக்கும். நெய்தலைப் பாடிய புலவர் அலையையும் மணலையும் பாடினர். கூடவே பரதவரின் வலையையும் உப்பையும் உலர்மீனையும் பாடினர். கருப்பொருளற்ற நிலம் அக்கவிதையில் இல்லை. லண்டனும் பிறவுணும் முதற்பொருளைக் கண்டனர், கருப்பொருளை அலங்காரமாக்கினர். பினகனின் நூலில், ஹவாயில் கழிந்த சிறுபராயத்தைக் கூறும் முதற் பகுதி இதற்கு விலக்கு. அங்கு உள்ளூர்ச் சிறுவர் பெயரோடும் பேச்சோடும் பகையோடும் நட்போடும் வருகின்றனர். வெள்ளைச் சிறுவனாகிய அவரே அந்நியர். தவருவாப் பகுதியிலோ மீனவர் படகோட்டிகளாகவும் உதவுவோராகவும் வந்து மறைகின்றனர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பர். இந்நூலின் உரிப்பொருளும் அதுவே. ஆனால் இழப்புக்கு இரங்குபவர் இருநாள் விருந்தினர். தலைமுறை தலைமுறையாக அப்பாரில் மீன் பிடிக்கும் மரபுரிமை உடையோர் எதனைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பதை அவர்தம் வாய்மொழியில் வாசகர் கேட்பதற்கில்லை. பெயரைச் சொல்லாதிருக்கும் சத்தியமுங்கூட, அப்பெயர் அம்மக்களின் நாவில் என்றும் வழங்கியது என்பதை மறந்த ஒன்றே. எவரிடமிருந்து அந்த இரகசியம் காக்கப்பட்டது?

‘தொலைதூரம்’ என்னும் சொல்லே இங்கு ஆய்வுக்குரியது. தொங்கா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, பீஜியின் தலைநகரான சுவாவிலுள்ள தென் பசுபிக் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய எழுத்தாளர் எபெலி ஹௌஓபா, 1993இல் வெளிவந்த ‘எமது தீவுகளின் கடல்’ என்னும் கட்டுரையில் இதற்கு விடை பகர்ந்துள்ளார். பெருங்கடலிற் சிதறிய சிறு தீவுகள் என்பது வெளியார் பார்வை. கடலையே வீடாகவும் வழியாகவும் கொண்டு உறவாடிய மக்களுக்கு அது தீவுகளால் ஆன ஒரு பேருலகம் என்பது அவர் வாதத்தின் சாரம். அப்பார்வையில் தவருவா எதற்கும் தொலைவில் இல்லை. அதற்கு எதிர்க்கரையிலேயே மனிதர் வாழ்கின்றனர். கலிபோர்ணியாவே தொலைவில் உள்ளது.

இன்பத்தைப் பாடியதற்காக இவ்வெழுத்துகளைக் குறை கூறுதல் பொருந்தாது. அலையேறும் இன்பம் பொய்யன்று. அதனை முதலில் அறிந்தோரும் பாடியோரும் தீவு மக்களே. அவ்வின்பம் வெற்றுக்கடலில் விளைவதாகக் காட்டப்படும்போதே எழுத்துப் பிழைபடுகிறது. ஆளில்லாக் கரை என ஓரிடத்தைச் சித்திரிக்கும் படைப்பு, பின்னால் வரும் விடுதிக்காரனுக்கு நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கிறது. அதன் ஆசிரியர் அதனை விரும்பாதிருந்தாலும் அதுவே நிகழ்கிறது. பினகனின் நூல் இவ்வுண்மையின் வாயில்வரை வந்து நிற்பதாலேயே ஏனைய இரண்டினும் மேலானது. வாயிலைத் தாண்டாமையே அதன் எல்லை.

தாண்டுதல் எத்தகையது என்பதற்கு அதே பீஜியைப் பற்றிய பாரதியின் பாட்டு ஓர் அளவுகோலாகும். அவர் அத்தீவைக் கண்டதில்லை. அதன் அலையையோ பாரையோ வருணித்ததுமில்லை. எனினும் அங்கிருந்த மனிதரின் அழுகை அவர் செவிக்கு எட்டியது. கண்ட காட்சியின் துல்லியத்தோடு அச்செவியும் ஒருங்கு வாய்க்கும் எழுத்தைத் தவருவாவின் எதிர்க்கரையிலுள்ளோர் எழுதும் நாளில், அந்த அலையின் இலக்கியம் நிறைவுறும் எனலாம்.