காதற்கதையும் தடையின் உண்மையும்
யப்பானியச் சிறுமியர் படக்கதைகளை முன்வைத்துச் சில கருத்துகள்

திறனாய்வு என்றதும் சங்கச் செய்யுள், காப்பியம், நாவல், புதுக்கவிதை என்பனவே நம் கருத்தில் எழுகின்றன. இவற்றோடு யப்பானியப் பள்ளிச் சிறுமியருக்கென வரையப்படும் காதற் படக்கதைகளையும் சேர்த்து ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்குச் சினத்தையும் தரக்கூடும். ஆயினும் நம்மிடையே இளம்பெண்கள் பலர் விரும்பிப் படிக்கும் ஒன்றைப் படியாமலே தள்ளிவிடுவது திறனாய்வாளனுக்கு அழகன்று. அதனைத் தரமறிந்து ஏற்பதும் தரமறிந்து மறுப்பதுமே அவன் பணி.

இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது வீட்டில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்றாகும். வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே புகையிரதப் பாதையை ஒட்டி அமைந்த றொசல்லயில் எங்கள் வீடு. என் அக்காவின் காலத்தில் அட்டை கிழிந்த மாத நாவல்கள் ஒரு லயனிலிருந்து மறு லயனுக்குக் கைமாறி வரும். இன்று என் தங்கை கைத்தொலைபேசியில் யப்பானியப் படக்கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். சென்ற விடுமுறையில் ஒரு கதையைப் படித்து முடித்தவள், “ஏமாத்திட்டாங்க அண்ணே” என்றாள். கதை சோகமாக முடிந்ததா என்று கேட்டேன். இல்லையாம், கல்யாணத்தில்தான் முடிந்ததாம். காதலர் சேர்ந்த பின்பும் வாசகிக்கு ஏமாற்றம் என்றால், அக்கதை அவளுக்கு அளித்த வாக்கு வேறொன்றாக இருந்திருத்தல் வேண்டும். அவ்வாக்கு யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

‘ஷோஜோ’ என்னும் யப்பானியச் சொல் சிறுமி அல்லது இளம்பெண் என்று பொருள்படும். அவர்களுக்கான சஞ்சிகைகளில் வெளிவரும் படக்கதையே ஷோஜோ மங்கா. ஒசாமு தெசுக்காவின் ‘ரிபொன் நோ கிஷி’ 1953 இல் தொடங்கியது. ‘நகயோஷி’ 1954 இலும், ‘ரிபொன்’ 1955 இலும், ‘மார்கரெற்’ 1963 இலும் தோன்றின. தொடக்க காலத்தில் ஆண்களே பெரும்பாலும் இவற்றுக்கு வரைந்தனர். 1970களில் மொட்டோ ஹகியோ, கெய்க்கோ தக்கெமியா, ரியோக்கோ இகேடா முதலிய இளம்பெண்கள் இத்துறையைத் தம்வசமாக்கினர். பெண்கள் எழுதிப் பெண்கள் படிக்கும் இலக்கியமாக அது வளர்ந்தது. பெரிய விழிகள், கட்டங்களைக் கடந்து விரியும் பூக்கள், யாரும் வாய்விட்டுப் பேசாத எண்ணங்கள் வெற்றிடத்தில் மிதந்து வருதல் என்பன அதன் உருவ இயல்புகள். இவை அனைத்தும் அகத்தைப் புறத்தே காட்டும் உத்திகளாம். நிகழ்ச்சியைக் காட்டிலும் நிகழ்ச்சி உள்ளத்தில் எழுப்பும் அலையே இங்கு முதன்மை பெறுகின்றது.

அகத்திணை மரபிற் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. களவு கற்பில் முடியும் என்பது நம் மரபு அறிந்ததே. முடிவு தெரிந்திருந்தும் புலவர் மீண்டும் மீண்டும் பாடினர். அவர்களது கவனம் இடையிலுள்ள தடைகளில் நிலைத்தது. ஊரார் தூற்றும் அலர், தலைவியை வீட்டில் அடைத்து வைக்கும் இற்செறிப்பு, பிறர் பெண்கேட்டு வரும் நொதுமலர் வரைவு, மகளின் நோயறியாத் தாய் எடுக்கும் வெறியாட்டு என்பன அத்தடைகள். ஒவ்வொன்றும் அன்றைய வாழ்வில் வேர்கொண்டது. அதனைக் கடக்கத் தோழி அறத்தொடு நிற்கிறாள், அல்லது தலைவி உடன்போக்கிற் செல்கிறாள். தடையைக் கடந்தவள் முன்பிருந்தவளாக இருப்பதில்லை.

காதற்கதை வாசகிக்கு அளிக்கும் வாக்கு இதுவே என்பது என் துணிபு. காதலர் சேர்வர் என்பதை அவள் முதற் பக்கத்திலேயே அறிவாள். தடை மெய்யானதாக இருக்கும், அதனைக் கடப்பவள் அக்கடத்தலால் வளர்வாள் என்பதையே அவள் நம்பிப் பக்கம் புரட்டுகிறாள். இதனை மூன்று படைப்புகளைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கருஹோ ஷீனாவின் ‘கிமி நி தொதோக்கே’. 2006 முதல் 2017 வரை தொடராக வந்து முப்பது தொகுதிகளாக நிறைவுற்றது. நாயகி சவாக்கோ நீண்ட கருங்கூந்தலும் வெளிறிய முகமும் உடையவள். பேய்ப்படமொன்றின் பாத்திரப் பெயரால் மாணவர் அவளை அழைக்கின்றனர். அவள் கண்ணை நோக்கினாற் கேடு வரும் என்கின்றனர். இது அலரேயன்றி வேறென்ன? இந்த அலரை நாயகன் கஸெஹாயா வந்து அழித்துவிடுவதில்லை. தன்னோடு பழகுவதால் தோழியர் இருவருக்குப் பழி நேருமென அஞ்சிச் சவாக்கோ முதலில் விலகுகிறாள். பின்னர், பேசப் பழகாத அவள் வாய்திறந்து தன் நட்பை அறிவிக்கிறாள். காதலை வெளியிடுவதற்கு முன் நட்பை வெளியிடக் கற்கிறாள் என்பது மனங்கொளத்தக்கது. நம் மரபிலே தோழி தலைவிக்காகப் பேசுவாள். இங்கே தலைவி தோழியருக்காகப் பேசுகிறாள். காதலர் மனம் திறந்த பின்னும் கதை நெடுந்தூரம் செல்வதால் இடையில் தொய்வு உண்டு. ஆயினும் இறுதியில் அவள் ஆசிரியப் பயிற்சிக்காகப் பல்கலைக்கழகத்தை நாடுகிறாள். அவள் பெற்றது காதலனை மட்டுமன்று, குரலையும் ஆகும். இப்படைப்பின் வெற்றிக்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, யோக்கோ கமியோ 1992 இல் ‘மார்கரெற்’ சஞ்சிகையில் தொடங்கிய ‘ஹன யொரி தங்கோ’. மலரைக் காண்பதினும் பலகாரம் உண்பதே மேல் என்னும் யப்பானியப் பழமொழியைச் சிலேடையாக மாற்றி அமைத்த தலைப்பு இது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் எளிய குடும்பத்துப் பெண்ணான சுகுஷி படும் பாடே கதை. அவளுடைய பெயரே களையொன்றின் பெயராகும். வர்க்க வேறுபாடு இங்குத் தடை. பள்ளியை ஆட்டிப்படைக்கும் செல்வ இளைஞனை அவள் எதிர்த்து நிற்கும் தொடக்கப் பகுதி உயிர்த்துடிப்பு மிக்கது. தாய்வான் நாட்டிலும் தென்கொரியாவிலும் இது தொலைக்காட்சித் தொடராகி ஆசியாவெங்கும் பரவியதில் வியப்பில்லை. எனினும் இரண்டு குறைகள் உள. அவ்விளைஞன் தொடக்கத்தில் அவள்மீது செலுத்தும் வன்முறையைக் கதை காதலின் வேகமெனக் கருதி எளிதிற் கடந்து செல்கிறது. அன்றியும், முடிவு நெருங்குகையில் அவன் காயமுற்று, அவளை மட்டும் மறந்துவிடுகிறான். வர்க்கம் என்ற தடை வாழ்விலிருந்து வந்தது. மறதி என்ற தடை ஆசிரியரின் மேசையிலிருந்து வந்தது. முன்னதை வெல்லச் சுகுஷியின் மனவுறுதி வேண்டும். பின்னதை வெல்ல அவள் காத்திருந்தாற் போதும். வாசகியும் அவளோடு வெறுமனே காத்திருக்க நேர்கிறது.

மூன்றாவது, யூமி உனிற்றாவின் ‘உசகி டொரொப்’ (2005–2011). வளர்ந்த பெண்களுக்கான சஞ்சிகையில் வந்ததாயினும் நம் வினாவுக்கு இது இன்றியமையாதது; என் தங்கை ஏமாந்ததும் இக்கதையினாலேயே. முப்பது வயது இளைஞன் ஒருவன், காலஞ்சென்ற பாட்டனாரின் பிள்ளையெனச் சொல்லப்படும் ஆறு வயதுச் சிறுமி ரின்னை வளர்க்க முன்வருகிறான். முற்பகுதி, குழந்தை வளர்ப்பில் ஓர் ஆணின் மனம் பக்குவப்படுவதை நுட்பமாகச் சித்திரிக்கின்றது. பிற்பகுதியில் பத்தாண்டுகள் கழிகின்றன. ரின் அவனையே விரும்புகிறாள். இருவருக்கும் இரத்த உறவில்லை என்ற செய்தி வெளிப்பட, திருமணத்திற்கு வழி பிறக்கின்றது. இரத்தமே தடையென எண்ணிய ஆசிரியர் ஒரு செய்தியால் அதனை அகற்றிவிட்டார். வாசகரோ வளர்த்தவன், வளர்க்கப்பட்டவள் என்ற உறவையே தடையாகக் கண்டனர். அதனை எந்தச் செய்தியாலும் அகற்ற இயலாது. முற்பகுதி கட்டியெழுப்பிய தந்தைமையைப் பிற்பகுதி பொய்யாக்கியது. ஆகவேதான் மணமுடிவும் ஏமாற்றமாயிற்று.

மகிழ்ச்சியான முடிவு வெற்றிக்கு நிபந்தனையன்று என்பதற்கு இகேடாவின் ‘பெருசையு நோ பரா’ (1972–1973) சான்றாகும். ஆண்பிள்ளை போல் வளர்க்கப்பட்டுப் பிரெஞ்சு அரண்மனைக் காவற்படையிற் சேரும் ஒஸ்கார், தன் வீட்டுப் பணிப்பெண்ணின் பேரனான அந்திரேயைக் காதலிக்கிறாள். அவன் இறந்த மறுநாள், பாஸ்தீல் சிறை தாக்கப்படும் 1789 யூலை 14 ஆம் நாளன்று, அவளும் மக்கள் பக்கம் நின்று மடிகிறாள். காதலர் இருவரும் இறந்தும் வாசகியர் ஏமாற்றப்பட்டதாகக் கருதவில்லை. குலம் என்ற தடையை ஒஸ்கார் முதலில் தன் உள்ளத்திலும் பின்னர் தெருவிலும் உடைத்துவிட்டாள்.

பொய்த்தடைகள் தோன்றுவதற்கான காரணத்தைத் தொடர்கதையின் பொருளியலிற் காணலாம். சஞ்சிகை விற்கும்வரை கதை நீள வேண்டும். நீள்வதற்குத் தடைகள் வேண்டும். மெய்த்தடைகள் தீர்ந்தபின் மறதி, விபத்து, ஒட்டுக்கேட்ட அரைகுறைச் சொல், சூழ்ச்சிக்காரி என்பன வருகின்றன. தமிழ் வாரச் சஞ்சிகைகளும் இந்நோயை நன்கு அறியும். தமிழிற் படக்கதை பெரிதும் சிறுவர்க்குரிய வீரசாகசமாகவே வளர்ந்தது. 1972 இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் அதற்கு எடுத்துக்காட்டு. இளம்பெண்களின் காதற் கற்பனைக்கு இடமளித்தவை தொடர்கதைகளும் மாத நாவல்களுமே. ரமணிசந்திரன் போன்றோர் பெற்ற பெருந்தொகையான வாசகியரை நம் திறனாய்வு பெரும்பாலும் ஏளனத்தாலேயே எதிர்கொண்டது. ஏளனம் செய்தோம், அவற்றுள் எது நன்று, எது தீது என்று அவ்வாசகியருக்கு எடுத்துரைத்தோமா?

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நாள் முழுதும் மலைச்சரிவில் நின்று கொழுந்தெடுப்பவளுக்கும், கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் உழைப்பவளுக்கும் கனவு வேண்டாமா, அங்கும் மெய்த்தடை எதற்கு என்பர் சிலர். இவ்வாதத்தில் இரக்கம் உண்டு, மதிப்பு இல்லை. லயன் காம்பிராவில் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். அங்கே ஒரு பெண்ணின் தொலைபேசிச் சிரிப்பும் மறுநாள் மடுவத்தில் பேச்சாகிவிடும். சாதி, சம்பளம், தம்பியின் படிப்பு, தாயின் நோய் என மெய்த்தடைகள் அவளைச் சூழ்ந்துள்ளன. அவற்றை நன்கு அறிந்தவளாதலின் பொய்த்தடையை அவள் எளிதில் இனங்காண்கிறாள். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ இன்றும் நம் மனத்தில் நிற்பதற்குக் காரணம், கூடையின் நிறை அங்கே ஒரு பெண்ணின் மானத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதே. தொழிலும் அலரும் பெண்ணின் தன்மதிப்பும் ஒரே முடிச்சாகும்போது கதைக்கு வேறு சூழ்ச்சிக்காரி தேவையில்லை.

குறிஞ்சி நிலத்தைக் காதலுக்கு உரியதாக வகுத்தது நம் மரபு. இன்றைய மலைநாட்டுப் பெண்ணோ தன் காதலின் சாயலை யப்பானியப் பள்ளி வகுப்பறையிலே தேடுகிறாள். இதற்காக அவளைக் கடிந்து பயனில்லை. அவளுடைய அலரையும் இற்செறிப்பையும் அவற்றுக்குரிய உண்மையோடு எழுதிக் காட்டும் பொறுப்பு, இம்மலைகளிலிருந்து பல்கலைக்கழகம் வரை வந்த நம்மைச் சார்ந்தது. அத்தகைய கதை சேர்தலில் முடியலாம், பிரிதலிலும் முடியலாம். படித்து முடித்தபின் என் தங்கை “ஏமாத்திட்டாங்க” என்று சொல்லாதிருந்தால் அது வென்ற கதையாகும்.