பூட்டிய பெட்டியும் மலைப்பாதையும்

நீலகிரிக்குச் செல்லும் சாலைகளில் வண்டியோட்டிகளுக்கு எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கைகளுள் முதன்மையானது, இறக்கத்தில் கியரைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்பது. நியூட்ரலில் இறங்கக் கூடாது என்பதைத் தேயிலைத் தோட்டத்து லாரியின் கிளீனரும் நன்கு அறிவார். இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி அவ்வளவு தூரம் இறங்கும்போது, சுமார் 2 கோடியே 20 இலட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கழித்தாக வேண்டும். எட்டு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை முழுவதும் ஆவியாக்க இந்த வெப்பம் போதும். காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக் கொள்கின்றன. எஞ்சியதை எல்லாம் பிரேக்கே தாங்குவதானால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். கியர் போட்டபடி இறங்கினால், சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால், எஞ்சினே ஒரு பிரேக்காக வேலை செய்கிறது.

ஓட்டுநர் நியூட்ரலில் போடாமலே வண்டி தானாக நியூட்ரல் நிலைக்குப் போனால் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அன்று. 2014-ல் ஃபோர்டு கம்பெனி தன் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இதைப் பற்றி எழுதியது. ஃபியெஸ்டா, ஃபோகஸ் கார்களில் உள்ள 'பவர்ஷிஃப்ட்' தானியங்கி கியர் அமைப்பில், கட்டுப்பாட்டுப் பெட்டியின் கோளாறினால், ஓடிக் கொண்டிருக்கும்போதே இழுவை விட்டுப் போகலாம், வண்டி கிளம்பாமலும் போகலாம் என்று அறிவித்து, அந்தப் பெட்டிக்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 1,50,000 மைல் என நீட்டித்தது. அதே வகைக் கியர் அமைப்புத்தான் 2013-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் என்னும் சிறிய எஸ்.யூ.வி.யின் தானியங்கி பெட்ரோல் வகையிலும் இருந்தது. அந்த வண்டி செய்யப்பட்ட இடம் சென்னையை அடுத்த மறைமலைநகர். ஆகவே இப்பெட்டியை மதிப்பிட நாம் அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் அதன் வேலையைப் பார்ப்போம். இந்த அமைப்பில் கிளட்ச் இரண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. ஒன்று பிடித்திருக்கும்போதே அடுத்த கியர் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விடுவதும் மற்றது பிடிப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். கிளட்சைப் பிடிக்கவும் விடவும் காலோ எண்ணெய் அழுத்தமோ பயன்படுவதில்லை; மின் மோட்டார்கள் அதைச் செய்கின்றன. சக்கரத்தின் வேகம், எஞ்சினின் வேகம், ஆக்ஸிலரேட்டர் மிதி இவற்றையெல்லாம் கேட்டறிந்து அம்மோட்டார்களுக்கு ஆணையிடுவதே கட்டுப்பாட்டுப் பெட்டி. கருத்து மிக அழகானது. எரிபொருள் சிக்கனத்துக்காக இதை விரும்பிய பொறியாளர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கிளட்ச் எண்ணெயில் நனையாத உலர்ந்த வகை. கோடை விடுமுறையில் பர்லியாறுக்கு மேலே வண்டிகள் நின்று நின்று ஊரும்போது, கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வேலை செய்தாக வேண்டும். அந்த வெப்பம் வெளியேற வழி குறைவு. நுண்ணிய பற்றவைப்புகளைக் கொண்ட மின்னணுப் பெட்டியோ கியர் பெட்டியின் உடம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. சூட்டையும் அதிர்வையும் நாள்தோறும் வாங்குகிறது. சமதளமான நெடுஞ்சாலைக்கு இது பொருந்தலாம். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. ஃபோர்டு 2017-ன் இறுதியில் வந்த புதுப்பித்த ஈகோஸ்போர்ட்டில் இந்த அமைப்பைக் கைவிட்டு, எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் பழைய பாணித் தானியங்கி கியரைப் பொருத்தியது. இதைவிட வெளிப்படையான விமரிசனம் வேண்டுமா!

ஆஸ்திரேலியாவில் இது வழக்கு மன்றத்துக்கே போயிற்று. பவர்ஷிஃப்ட் பற்றிய முறையீடுகளைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2021-ல் கூட்டாட்சி நீதிமன்றம், ஃபோகஸ், ஃபியெஸ்டா, ஈகோஸ்போர்ட் ஆகிய வண்டிகள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று முடிவு செய்தது. இழப்பீட்டைக் கணிக்கும் முறை குறித்து அவ்வழக்கு 2024-ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இனி, பழுதான பெட்டியை மாற்றும் வேலை. பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, வழியில் உள்ளவற்றை விலக்கி, திருகாணிகளை எடுத்துப் புதியதைப் பொருத்துவது கைத்திறன் உள்ள மெக்கானிக்குக்குப் பெரிய காரியம் அன்று. ஆனால் பொருத்திய பெட்டி உடனே வேலை செய்யாது. கம்ப்யூட்டர் கருவி கொண்டு அதற்கு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். வண்டியின் அடையாள எண்ணை எழுத வேண்டும். அந்த வகை வண்டிக்குரிய மென்பொருளை ஏற்ற வேண்டும். பிறகு, ஒவ்வொரு கிளட்சும் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை அதற்குக் கற்பிக்க வேண்டும்.

இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டி, "கம்பெனிக்குத்தான் போக வேண்டும்" என்று ஒரே வரியில் சொல்லி விடுகிறார்கள். இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். மூன்றாவது காரியம் இயற்பியலின் தேவை. எந்த இரண்டு கிளட்சும் ஒரே அளவில் தேய்வதில்லை; கற்பிக்காவிட்டால் வண்டி உதறும். இரண்டாவதும் நியாயமே, மென்பொருளை விலைக்கு வாங்க முடியுமானால். முதலாவது, திருட்டுப் பெட்டிகள் சந்தைக்கு வராமல் தடுப்பதற்கு என்கிறார்கள். அதையும் மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளர் சான்று காட்டினால் திறக்கும் பூட்டும் ஒரு பூட்டுத்தான். யார் சான்று காட்டினாலும் திறக்காத பூட்டு திருடனை மட்டுமா தடுக்கிறது? உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பட்டறை வைத்திருப்பவரையும் சேர்த்துத் தடுக்கிறது. அதன் பலன், நகர முடியாத வண்டியை அதே இறக்கத்தில் ஏற்றி வண்டியின் மேல் கோயம்புத்தூருக்கு அனுப்புவது.

நம் பட்டறைகளையும் சற்று கண்டிக்க வேண்டியிருக்கிறது. கருவியைச் செருகியவுடன் யு 0101 என்ற குறியீடு வந்தால், பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அக்குறியீட்டின் பொருள், மற்றக் கணிப்பொறிகளால் இப்பெட்டியோடு பேச முடியவில்லை என்பது மட்டுமே. ஃபியூஸ் போயிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், பூமி இணைப்பில் துரு ஏறியிருக்கலாம். மாதக் கணக்கில் மூடுபனி இருக்கும் ஊரில் இணைப்பு முனைகளில் பச்சை பூப்பது அரிதா? டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும் இரவுகளில், ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து விடும். மின் மோட்டாரை நம்பி நடக்கும் கியர் அமைப்புக்கு அந்தக் குறைவே நோயாகத் தோன்றும். வோல்ட் மீட்டரை எடுத்து, ஸ்டார்ட் செய்யும் வேளையில் பெட்டியின் முனையிலேயே அழுத்தத்தை அளந்து பார்க்கச் சில நிமிடங்கள் போதும். பெட்டியின் உள்ளே இருக்கும் செயலியே கெட்டது என்பதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது: பி 0613. இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் பெட்டியை மாற்றுகிறவர், காய்ச்சல் என்றதும் அறுவைக்கு நாள் குறிக்கும் வைத்தியரைப் போன்றவர்.

இதே மலையில் வேறொரு கியர் அமைப்பும் ஓடுகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில், பல்தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பற்றி ஏறும் மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்தான் அது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டது. நான்கு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரங்களையும் இரண்டு பல்சக்கரங்களையும் இயக்குகின்றன. அதைச் செய்த தொழிற்சாலை இன்று எஞ்சின் செய்வதில்லை. ஆயினும் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புதிய நிலக்கரி எஞ்சினை 2021-ல் செய்து அனுப்பியது. சில்லுகளைப் பொன்மலை வார்ப்படச் சாலையில் வார்க்க முடியாது என்று வாசகர்கள் கூறலாம்; சரிதான். நான் ஒப்பிடுவது இரும்பையும் சிலிக்கனையும் அன்று. அங்கே பொருளின் விவரம் பழுதுபார்க்கிறவரிடம் இருக்கிறது, இங்கே இல்லை.

இந்த நிலையைச் சட்டம் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு மறுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஃபோர்டு உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளில் அந்த ஆணை இழுபட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-ல் வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலைக் கம்பெனிகள் எல்லாருக்கும் விற்க வேண்டும் என்று சட்டமே கொண்டு வந்தார்கள். நம் நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக் கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று.

அதே 2022 ஜூலையில்தான் மறைமலைநகரில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளிவந்தது. உதிரிபாகமும் பராமரிப்பும் தொடரும் என்று கம்பெனி கூறியிருக்கிறது. அதை நம்புவதில் தடை இல்லை. ஆனால் உற்பத்தியை நிறுத்துகிற கம்பெனி, பெட்டிக்குரிய மென்பொருளையும் கற்பிக்கும் முறையையும் பொதுவான ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையை உற்பத்தி தொடங்கும் நாளிலேயே விதித்திருக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் நம்மிடம் இன்னும் இல்லாததால், குன்னூர் மெக்கானிக் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மென்பொருளைக் கேட்டாலும், அதை அவருக்கு விற்கக் கடமைப்பட்டவர் இன்னார் என்று சுட்டிக்காட்ட முடியாது.