எட்டு டபுள் பாஸும் ஒரு மரப்பெட்டியும்

கலீனா உஸ்த்வோல்ஸ்கயாவைப் பற்றிக் கோட்பாட்டுப் பத்திரிகையில் எழுதுவதில் ஒரு சிக்கல். தன் இசையை உண்மையிலேயே நேசிப்பவர்கள் அதைக் கோட்பாட்டு ரீதியாகப் பகுத்தாய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவர். 1919இல் பெத்ரோகிராதில் பிறந்து 2006இல் அதே ஊரில் இறந்தார். அதற்குள் ஊருக்கு இரண்டு முறை பெயர் மாறியிருந்தது. 1972-73இல் அவர் எழுதிய ‘டீஸ் ஈரே’யைக் கேட்ட பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எட்டு டபுள் பாஸ், ஒரு பியானோ, சுத்தியலால் அடிக்க ஒரு மரப்பெட்டி. இவ்வளவுதான் கருவிகள்.

டபுள் பாஸ் ஐரோப்பிய இசைக்குழுவின் சுமைதூக்கி. நெடுங்காலம் அதற்கென்று தனியாக எழுதுவதுகூட அபூர்வம். செல்லோவுக்கு எழுதியதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வேண்டும், தாங்குவது தெரியாமல் தாங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொத்தெசீனி இதற்கு ஒரு விடுதலை வழி கண்டார். ஆளுயரக் கருவியை உச்சஸ்தாயியில் ஆப்பெராப் பாடகி மாதிரிப் பாட வைத்தார். பியானோவோ இசைக்குழுவோ பக்கவாத்தியம். பாஸாலும் முடியும் என்று நிரூபணமாயிற்று. எது முடியும்? வயலின் செய்வது. மேலே இருப்பவனின் மொழியைச் சுத்தமாகப் பேசிக்காட்டித்தான் கீழே இருப்பவன் தன்னை மனுஷன் என்று நிறுவ வேண்டுமா? நம் ஆட்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை.

உஸ்த்வோல்ஸ்கயா அந்த வழிக்கே போகவில்லை. எட்டில் ஒன்றையும் அவர் நாயகனாக்கவில்லை. வில்லை அழுத்தி, வெட்டி வெட்டி, தங்கள் கனத்தோடேயே அவை முன்னால் வருகின்றன. பியானோ ஸ்வரங்களைக் கொத்தாக அறைகிறது. இதில் யார் யாருக்குப் பக்கவாத்தியம்? நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தானே பக்கம் என்று ஒன்று இருக்கும்!

மரப்பெட்டியைச் சவப்பெட்டி என்று வாசிக்கிறார்கள். தலைப்பும் இடம்கொடுக்கிறது: இறந்தோருக்கான லத்தீன் வழிபாட்டில் ‘சினத்தின் நாள்’ அது. எனக்கு அந்தக் குறியீட்டு வாசிப்பு போதவில்லை. பெட்டி முதலில் பெட்டிதான். ஸ்வரம் கிடையாது, நளினம் கிடையாது, தச்சுப்பட்டறைச் சத்தம். அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததே பெரிய காரியம்.

சோவியத் அரசுக்கு எதிரான மௌனக் குரல் என்று மேற்கில் இவரைக் கொண்டாடுவது எளிது. அரசு ஏற்கும்படியான இசையையும் அவர் எழுதியிருக்கிறார், பின்னால் அவற்றில் பலவற்றைத் தன் பட்டியலிலிருந்து நீக்கினார் என்பதை அந்தக் கதையாடல் மெல்ல ஒதுக்கிவிடுகிறது. இன்னொரு தரப்பு ‘ஆன்மிகம்’ என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. தன் இசை மத இசை அல்ல, ஆனால் தேவாலயத்தில் வாசித்தால் பொருந்தும் என்று அவரே சொன்னது அவர்களுக்கு வசதி.

எனக்கு உறுத்துவது வேறு. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே சீராக, சம அளவு அடிகளில், அலங்காரமே இல்லாமல் நகர்கிறார்கள். இது கூட்டத்தின் கோபமா, படையின் நடையா? லெனின்கிராத் இரண்டையும் பார்த்த ஊர். ஒடுக்கப்பட்டவர் ஒன்றாய்த் திரளும் சத்தமும் ஒடுக்குபவரின் பூட்ஸ் சத்தமும் இங்கே ஒரே மரத்தில்தான் விழுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்ட அவர் மறுக்கிறார். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது குழம்பிப்போகிறது. புரட்சி இசை என்று நாம் இதுவரை கொண்டாடியவற்றில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்ததில்லை. அவற்றில் நம் பக்கம் எப்போதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரைன்பெர்ட் டி லேயூவ் நடத்திய ஷோன்பெர்க் குழுவின் ஒலிப்பதிவு இருக்கிறது. போனில் மட்டும் கேட்காதீர்கள். டபுள் பாஸின் அடிநாதம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. பியானோவும் பெட்டியும் கணீரென்று வரும், எட்டுப் பேரும் மெலிந்து காணாமல் போய்விடுவார்கள். பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் வீட்டுக்குப் போங்கள். தரையில் உட்கார்ந்து கேளுங்கள்.