முதியோர் சட்டத்தில் ஒரு வினைமுற்று

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தை (2007) முதியோரின் அரணெனப் பலர் போற்றுவர். திருமறையைச் சொல் சொல்லாக ஆராயப் பழகிய நாம் இதனையும் அவ்வாறே வாசித்தல் தகும். தம் பொறுப்பிலுள்ள முதியவரைக் கைவிட்டுச் செல்வோருக்கு 24ஆம் பிரிவு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. 19ஆம் பிரிவோ, மாவட்டத்திற்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் இடமளிக்கும் இல்லங்களை அரசு 'அமைக்கலாம்' என்கிறது. வீட்டாருக்குக் கட்டளை, அரசுக்கு விருப்பம்!

அவ்வில்லங்களின் சேவைகளுள் அப்பிரிவு பெயர் சுட்டுவன மருத்துவக் கவனிப்பும் பொழுதுபோக்கும். இரண்டும் வேண்டியவையே. எனினும் இங்கே முதியவர் பெறுபவர் மட்டுமே. கற்பிக்கவோ, பந்தியில் பரிமாறவோ, இல்லத்தின் நடைமுறைபற்றிக் கருத்துரைக்கவோ அவருக்கு இடம் குறிக்கப்படவில்லை. நாள் முழுதும் கட்டிலில் அமர்த்தப்பட்டவரின் காலும் வலுவிழக்கும், மனமும் சோரும்.

மேலும், பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, கட்டணம் செலுத்தி இல்லம் புகும் மயிலாப்பூர், அடையாறு முதியோர் இப்பிரிவின் பார்வைக்குள் வரவில்லை. (1978இல் சாவித்திரி வைத்தி முதிய பெண்டிருக்கு 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கியபோது எந்தச் சட்டமும் அவரைப் பணிக்கவில்லை.)

பழமும் ஜெபமுமாக இல்லங்களுக்குச் செல்லும் சபைக் குழுக்களும் இப்பிரிவின் நோக்கிலேயே முதியோரைக் காண்கின்றன. அங்கிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம், ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை எடுக்க இயலுமா என்று எவரும் கேட்பதில்லை.